வசைக்கு ஒரு வெள்ளி

வீட்டில் விருந்தினரை இன்முகத்தோடு வரவேற்பவரும், அலுவலகத்தில் அதிர்ந்து பேசாதவரும், காரோட்டத் தொடங்கியவுடன் வேறு மனிதராகிவிடும் விந்தையை நாள்தோறும் காணலாம். முன்னே செல்பவரின் முகம் தெரிவதில்லை. வண்டியின் எண் பலகை மட்டுமே தெரிகிறது. தாம் சொல்வது அவர் செவிக்கு எட்டாது என்ற துணிவு நாவின் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஆயினும், எட்டும் செவிகள் பின்னிருக்கையில் இருக்கின்றன.

கிள்ளானில் எழுத்தர் ஒருவர். காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூருக்குப் பணிக்குச் செல்பவர். சமிக்ஞை விளக்கைப் போடாமல் ஒரு வண்டி குறுக்கே நுழைந்தால் போதும். வசைச்சொல் தானே வந்து விழும். ஒருநாள் தன் பென்சிலைப் பறித்த தம்பியை நோக்கி, முதலாம் ஆண்டில் பயிலும் அச்சிறுமி அதே சொல்லை, அதே குரலேற்றத்தோடு கூறினாள். பொருளறியாப் பிஞ்சு வாயில் தம் குரலையே கேட்ட தந்தைக்கு, அவளைக் கண்டிக்க வாய் எழவில்லை.

அன்று மாலையே வெறும் மைலோ டின் ஒன்றின் மூடியில் துளையிட்டார். ஒரு வசைக்கு ஒரு வெள்ளி அபராதம். சேரும் பணம் பள்ளியிலுள்ள ஏழைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு. கணக்கு வைப்பவள் மகள். முதல் வாரத்தில் 11 வெள்ளி சேர்ந்தது. இரண்டாம் வாரத்திலோ, "பணந்தான் போடுகிறேனே! நல்ல காரியத்திற்குத்தானே!" என்று சொல்லிச் சிரித்தார். நாணம் நீங்கிய இடத்தில் உரிமை வந்து அமர்ந்துகொண்டது.

இம்மாற்றம் அவர் ஒருவருக்கே உரியதன்று. இஸ்ரேலின் ஹைஃபா நகரில், குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதித்து வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தனர். தாமதம் குறையவில்லை, மாறாகக் கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னரும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு, அபராதம் நாளடைவில் தவற்றின் விலையாகிவிடும் என்பதை உணர்த்திற்று.

எழுத்தரைத் திருத்தியது ஆய்வன்று, மகளின் கேள்வி. "அப்பா, நீங்கள் திட்டுவதை நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கிடைக்காதா?"

தந்தை திகைத்தார். தீமை வற்றினால் தானும் வற்றிப்போவது அறமாகுமா? மறுநாள் விதியை மாற்றினார். நாவைக் காத்த நாளில் ஒரு வெள்ளி இடலாம். தவறிய நாளில் டின்னைத் தொடும் உரிமை இல்லை. மகளிடம் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டே உறங்கச் செல்ல வேண்டும்.

அதன்பின் டின் மெல்ல மெல்லவே நிறைந்தது. சாலையில் குறுக்கே நுழைவோர் குறையவில்லை. அவர்தம் கொதிப்பே குறைந்தது. புதிய கல்வியாண்டு தொடங்கியபோது, கொடுத்தவர் பெயர் தெரியாமலே நோட்டுப் புத்தகங்கள் சில பிள்ளைகளின் கைக்குச் சென்றன.

திருக்குறளில் 'இனியவை கூறல்' 10ஆம் அதிகாரம். 'ஈகை' 23ஆம் அதிகாரம். இரண்டும் இல்லறவியலில் அமைந்தவை. பள்ளியில் அவற்றை மனனம் செய்யும் பிள்ளைகள், அவற்றின் பொருளைப் பெற்றோரிடமே கற்கின்றனர். சில வேளைகளில், காரின் பின்னிருக்கையில் அமர்ந்தபடியே.