72 கண்ணிக் குல்லா

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் தலைகளுக்கு வேஷம் மாறிவிடும். மொட்டைத் தலை, ஜடாமுடி, ஈரத்துண்டு சுற்றிய தலை என்று வருஷம் முழுக்க நடக்கிற கூட்டத்தில் கம்பளிக் குல்லாவும் வந்து கலந்துகொள்ளும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் தொடங்கி விடியலில் முடிக்கிறவர்கள் அதிகம். பனி காது வழியாகத்தான் உடம்புக்குள் இறங்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளின் தீர்ப்பு. அதை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதனால் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கும் குல்லா, தடியூன்றி நடக்கும் தாத்தாவுக்கும் குல்லா.

பாதையோரம் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்கிறார்கள். பெரும்பாலும் மெஷினில் ஓட்டியவை, முகத்தை மூடும் மங்கி குல்லாக்கள். குவியலைக் கிளறினால் கையால் பின்னியது ஒன்றிரண்டு அகப்படும். கனமாக இருக்கும். உச்சியில் ஒரு புள்ளியில் தொடங்கி, வட்டம் வட்டமாக விரிந்து, காதுக்கு மேல் நேராக இறங்கியிருக்கும். குரோஷா வேலை. "இது யார் பின்னினது?" என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். அவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் ஒரு ஆட்டோக்காரரைக் காட்டினார். ஒருவழியாக அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மற்ற மூவருக்கும் அவர் பெரியம்மா. "உக்காரு கண்ணு. இப்ப எய்ந்திருக்க முடியாது, கணக்கு பூடும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. சிறுவயதில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்ட கைவேலையாம். மற்றவர்கள் அவரிடம் கற்றவர்கள்.

கருவி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், நுனியில் கொக்கி வைத்த 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி. விரல் வழுக்காமல் இருக்க அதன் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார். நூலை எல்லோரும் உல்லன் என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; அத்தனையும் அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வரும் வர்த்மான், ஓஸ்வால் பந்துகள். நம் ஊர்க் குளிருக்கு அது தாராளம். துவைத்தால் சுருங்காது, பூச்சி அரிக்காது, நெற்றியில் குத்தாது.

பெரியம்மா எனக்காகப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். இடதுகை ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு 'டபுள்' என்கிற உயரமான கண்ணி 12 போட்டார். பிறகு நூலின் வாலைப் பிடித்து இழுத்தார். வளையம் சுருக்குப்பை போல இறுகி, நடுவில் ஓட்டையே தெரியாமல் மூடிக்கொண்டது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு: 24. மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு: 36. நான்காவதில் மூன்றாவது கண்ணிதோறும் இரண்டு: 48. இப்படியே 60, 72. சுற்றுக்கு 12 கூடிக்கொண்டே போகிறது.

ஏன் 12? வட்டத்தின் விட்டம் கூடக்கூடச் சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான். ஒரு டபுளின் உயரம் இந்த நூலில் ஏறக்குறைய 1.4 சென்டிமீட்டர். சுற்று ஒன்று ஏறினால் விட்டம் 2.8 கூடும், சுற்றளவு கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் கூடும். அந்த 9 சென்டிமீட்டரை நிரப்ப 12 கண்ணி வேண்டும். குறைத்துப் போட்டால் வட்டம் சீக்கிரமே கிண்ணமாகக் குவிந்துவிடும். கூட்டிப் போட்டால் ஓரம் நெளிந்து நெளிந்து தட்டையாக உட்கார மறுக்கும். பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. வட்டத்தை முழங்கால்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். "படுத்துக்குது பாரு. படுத்தா சரி."

இதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அளவு விஷயம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஒரு வயதில் 45, 46. வளர்ந்தவர்களுக்கு 55 முதல் 57. அதாவது தலை தன் வளர்ச்சியில் பாதியை முதல் வருஷத்திலேயே முடித்துவிடுகிறது. மிச்சப் பாதிக்குப் பதினைந்து இருபது வருஷம் எடுத்துக்கொள்கிறது. குல்லா தலையைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் சின்னதாக இருந்தால்தான் நெகிழ்ந்து கவ்விப் பிடிக்கும். அந்தக் கணக்கில் மெல்லிய நூலில் 48 கண்ணியோடு நிறுத்தினால் பச்சைக் குழந்தைக்கு, வழக்கமான நூலில் 60-ல் நிறுத்தினால் ஒரு வயதுக்கு, 72-ல் நிறுத்தினால் உங்களுக்கும் எனக்கும். நிறுத்திய பிறகு கூட்டல் கிடையாது. கண்ணிக்கு ஒன்றாக நேராக இறங்க வேண்டியதுதான். உச்சியிலிருந்து விளிம்புவரை பெரியவர்களுக்கு 20, 21 சென்டிமீட்டர் உயரம் போதும், குழந்தைக்கு 14. தொட்டிலிலிருந்து கைத்தடி வரைக்கும் குல்லாவில் இருக்கிற வித்தியாசம் இரண்டே கூட்டல் சுற்றுதான்.

நடுவில் பால்காரர் வந்தார், குக்கர் விசில் அடித்தது, பேரன் அழுதான். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி ஊசியை அப்படியே கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் வேலையில் இது நடக்காது. அதில் ஒரு வரிசைக் கண்ணி மொத்தமும் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், உருவினால் போச்சு. குரோஷாவில் எப்போதும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறவர்களின் கையில் இந்த வேலை தங்கிப்போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதன் சாபமும் அதுவேதான். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நிட்டிங்குக்கு மெஷின் உண்டு. திருப்பூரே அதில்தான் ஓடுகிறது. குரோஷாவுக்கு அப்படி ஒரு மெஷின் தொழிற்சாலையில் இல்லை. ஒரே கண்ணிக்குள் நுழைந்து, வளைந்து, பக்கத்தில் எந்த இடத்திலும் குத்தி எடுக்கிற இந்தக் கை அசைவை இன்றுவரை இயந்திரம் வியாபாரத்துக்கு ஆகிற மாதிரி பிடித்துக்கொள்ளவில்லை. குரோஷா மெஷின் என்று பெயர் வைத்து விற்கிற பெரிய எந்திரங்கள் செய்வது வேறு வகை நிட்டிங். பார்வைக்கு மட்டும் சாயல் இருக்கும். ஆக, சென்னை மாலிலோ லண்டன் கடையிலோ எங்கே ஒரு குரோஷா குல்லா தொங்கினாலும் சரி, ஒரு மனிதர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாக எண்ணி அதைப் பின்னியிருக்கிறார். விலைச்சீட்டில் 199 என்று போட்டிருந்தால் அவருக்கு என்ன போயிருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் திண்ணைக் கணக்கு இது. நூலை வியாபாரி கொடுத்துவிடுகிறார். பெரியவர்கள் குல்லா ஒன்றுக்கு 80 கிராம் போல் பிடிக்கிறது. பழகிய கைக்கு இரண்டு மணி நேரம். கூலி 40 ரூபாய். மணிக்கு 20. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தாலும் மணிக்கு 42 வருகிறது. ஏரி தூர்வாருகிற வேலையில் பாதிகூட இல்லை. "இன்னாத்துக்கு இவ்ளோ கம்மியா வாங்கறீங்க?" என்று நானும் அவர்கள் பேச்சிலேயே கேட்டேன். இளையவள் சிரித்தாள். "சும்மா இருக்கிற நேரத்துல தானக்கா போடறீங்கன்னு சொல்றாரு."

சும்மா இருக்கிற நேரம்! காலை ஐந்து மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, சமைத்து, மாட்டைப் பார்த்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மத்தியானம் உட்கார்கிறவளுக்கு அது சும்மா இருக்கிற நேரமாம்.

இந்தப் பேச்சு புதிதல்ல. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஆராய்ந்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஏற்றுமதிக்காகப் பின்னும் அந்தப் பெண்களை வியாபாரிகள் தொழிலாளர்கள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றார்கள் என்பதுதான் அதன் சாரம். கோதாவரிக் கரையில் சொன்னதை அண்ணாமலை அடிவாரத்திலும் சொல்கிறார்கள். பாஷைதான் வேறு.

நம் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணை போன்ற திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கற்றவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். மார்த்தாவின் மகள் எலைசா, பாதிரியார் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் லேஸ் போயிற்று. அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கன்னியர் மடங்கள் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்துத்தான் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. உழைப்புக்குக் காசு என்று எண்ணிக் கொடுத்த இடத்தில் இதுபோன்ற கைவேலை ஆளை மீட்டிருக்கிறது.

நகரங்களில் இதே ஊசிக்கு வேறு மரியாதை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் அளவில் ஒரே குரோஷா போர்வையைக் காட்டிக் கின்னஸில் ஏறியது. திண்ணையில் இதைச் சொன்னபோது பெரியம்மா ஊசியை நிறுத்தினார். "எவ்ளோ நூலு புட்ச்சிருக்கும்!" அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி அதுதான்.

அந்த இளையவள் மட்டும் நூறு சதவீதப் பருத்தி நூலில் தனியாகச் சில குல்லாக்கள் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம். மருந்து ஏற ஏற முடி கொட்டியதும் அத்தை கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாராம். கடைக் குல்லா வாங்கிக் கொடுத்தால் அரித்தது. முடியில்லாத தலையில் அக்ரிலிக் வியர்க்கும், சின்னத் தையல் மேடுகூட உறுத்தும். அவள் பின்னுவதில் தையலே கிடையாது. விளிம்பில் வழக்கமாக வைக்கும் புடைத்த வரிகளையும் விட்டுவிட்டாள். உச்சி வளையத்தை இரண்டு தரம் இழுத்து இறுக்குகிறாள், நடுவில் தோல் தெரியக் கூடாதல்லவா. இவற்றை அவள் விற்பதில்லை.

48 கண்ணிக் குல்லாவும் சும்மா அழகுக்கு இல்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு உடம்பில் தலை ஒரு பெரிய பங்கு. சூடு அங்கிருந்து சீக்கிரம் இறங்கும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனையில் தொடங்கிய கங்காரு முறையில், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கிறார்கள். அப்போது குழந்தை மேல் இருப்பது இடுப்புத் துணி, காலுறை, தலையில் ஒரு குல்லா. இன்று உலகில் பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க் கட்டுரை ஆகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ரமணாசிரமப் பக்கம் செங்கம் சாலை அவர்களுடையது. நமக்குப் பல் கிட்டுகிற குளிரில் அவர்கள் மெல்லிய பருத்திச் சட்டையோடு உலாவுகிறார்கள். இந்த ஊருக்கு வந்தபின் கோவணத்தோடே வாழ்ந்த ரமணரைத் தேடி வந்தவர்கள் இரண்டு மூன்று குல்லா வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது ஒரு வேடிக்கை. ஊருக்குத் திரும்பினால் அங்கே பனி கொட்டுமே. அவர்கள் பேரம் பேசுவதில்லை என்றாள் ஒருத்தி. பேரம் பேசுவது யார் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கையால் பின்னிய குல்லா வேண்டுமானால் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு, காதுக்கு மேலாகப் பின்மண்டை புடைப்பில் சுற்றி, சென்டிமீட்டரில் குறித்துக் கொடுங்கள், வயதையும் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு என்றால் கட்டும் கயிறு, பொத்தான், மணி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தில் சுற்றும், வாயில் போகும். விலையைப் பொறுத்தவரை, நூறு நாள் வேலையின் 2025-26 மணிக்கணக்கை வைத்தாலே இரண்டு மணி நேரத்துக்கு 84 ரூபாய் ஆகிறது, நூல் செலவு அதற்கு மேல். 150 ரூபாய்க்குக் குறைத்துக் கேட்காதீர்கள்.