விராலின் காவல்

ஆனி பிறந்து மேற்கு மலைமுகட்டில் மேகம் கவிந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். வெளியூர் மக்கள் அருவியை நாடி வந்து குவியும் அந்நாள்களில், தென்காசிக்குக் கிழக்கே சிற்றூர் ஒன்றில் வளர்ந்த எங்களுக்குச் சிற்றாற்றின் மீதே கண். புதுவெள்ளம் அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, வறண்டு கிடந்த குளங்களுக்குள் புகும். கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். கார் நடவுக்குத் தண்ணீர் வந்ததென்று பெரியவர்கள் மகிழ்வார்கள்; மீன் வந்ததென்று நாங்கள் மகிழ்வோம்.

அக்காலத்தில் எங்கள் ஆசையெல்லாம் விரால்தான். குளத்தோரத்துக் கோரைகளுக்கிடையே அது முட்டையிடும். பொரித்த குஞ்சுகளைப் பார்ப்பு என்போம். செந்நிறப் பந்து போலத் திரண்டு திரியும் பார்ப்பு, காற்றைச் சுவாசிக்க அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும், குமிழிகள் கொப்பளிக்கும். அதற்குச் சற்றுக் கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். குஞ்சுகள் தாமே பிழைக்கும்வரை சில வாரங்கள் அது அவ்விடம் விட்டு அகலாது.

அந்தக் காவலே எங்களுக்கு வாய்ப்பாயிற்று. தூண்டில் முள்ளில் சிறு தவளையைக் கோத்து, பார்ப்பின் நடுவே துள்ளவிடுவோம். குஞ்சுகளைத் தின்ன ஏதோ வந்துவிட்டதென்று விரால் சீறிப் பாய்ந்து கவ்வும். அது பசியினால் கவ்வியதன்று என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தோம்.

ஓர் ஆடி மாத வெள்ளிக்கிழமை, முழங்கை நீள விரால் ஒன்றைப் பிடித்து வந்தோம். அன்று சுத்தபோசனம், இறைச்சி ஆகாது, மீன் ஆகும். பாட்டி புளி கரைத்து வைத்த குழம்பை வீடே புகழ்ந்தது. மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனோம். செம்பந்து சிதறிக் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று மரக்கிளைக்கும் நீருக்குமாகப் பறந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அங்கே குமிழிகூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கும் போனோம். பொய் சொன்னதைச் சொன்னோம். தம்பியை அடித்ததைச் சொன்னோம். செபத்தில் பராக்காயிருந்ததைச் சொன்னோம். விரால் எங்கள் நினைவுக்கே வரவில்லை. சுத்தபோசனம் காத்த நிறைவோடு வீடு திரும்பினோம்.

குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறை அது. இன்று அந்தக் கரையில், மீன்கள் இனம் பெருகுவதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் செல்வதில்லை. 45 நாள்களாக இருந்த தடை 2017இல் 61 நாள்களாயிற்று. கடலை நம்பிப் பிழைப்போர் இரண்டு மாத வருவாயை இழந்து கரையில் காத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போட்ட நாங்களோ ஒரு வாரம்கூடக் காத்திருந்ததில்லை.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தை முதிர்ந்த வயதில் வாசித்தபோது நெஞ்சு சுட்டது. குஞ்சுகளோடோ முட்டைகளோடோ இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்கிறது அது. அக்கட்டளைக்குக் கீழ்ப்படிபவர்க்கு நலமும் நீடிய வாழ்வும் வாக்களிக்கப்படுகின்றன. தாய் தந்தையரை மதித்து நட என்ற கட்டளையோடு சேர்ந்து வருவதும் அதே வாக்குறுதிதான். கூட்டில் அமர்ந்த பறவையிலும் ஒரு பெற்றவளைக் காணும்படி இறைவன் நமக்குக் கற்பிக்கிறார் போலும். நீருக்கடியில் காவல் நின்றதும் அத்தகைய ஒன்றுதானே!

சென்ற தவக்காலத்தில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னோம். குருவானவர் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, வழக்கமான அபராதமே தந்தார். நாங்களாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம்: ஆனி முதல் ஆவணிவரை எங்கள் வீட்டில் குளத்து விராலும் சினைமீனும் வாங்குவதில்லை. பண்ணை மீன் கிடைக்கும் இக்காலத்தில் இது பெரிய தியாகமன்று. ஆயினும் சாரல் வீசும் மாலையில், சந்தையில் துள்ளும் விராலைப் பார்க்கையில் நாவூறத்தான் செய்கிறது. அன்றைய வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அறியாத சுத்தபோசனம் இதுதான்.

கடந்த ஆடியில் பேரனோடு குளக்கரையில் நின்றோம். கோரையோரம் நீர் கொப்பளித்தது. "தாத்தா, அங்கே சிவப்பா என்ன?" என்று கேட்டான். பார்ப்பு என்றோம். "அம்மா எங்கே?" என்றான்.

கீழே நிற்கிறது என்று சொன்னோம். அவ்வாறு சொல்ல முடிந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறினோம்.