அகிஹபாராவில் இடது கைக்கு ஒரு சுட்டி

ஜப்பான் ரயில் நிலையங்களின் நுழைவாயிலில் கார்டைத் தொட வேண்டிய இடம் வலது பக்கம்தான் இருக்கும். தோக்கியோவுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது, இதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஒன்பது வயது மகனோடு போகும்போதுதான் கண்ணில் பட்டது. அவன் கார்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு திருகு திருகி, கையைக் குறுக்கே நீட்டித் தொட்டுவிட்டு ஓடுவான். பின்னால் வருகிறவர்கள் அரை நொடி தயங்கி நிற்பார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஓடினான். நாங்கள் இருப்பது நிஷி-கசாயில். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி, கறிவேப்பிலைக்கு அலைய வேண்டியதில்லை. அங்கிருந்து தோசாய் லைனில் (மகனுக்கு அது பிறந்ததிலிருந்தே 'தோசை லைன்') கயாபாச்சோ வரை போய், ஹிபியா லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் அகிஹபாரா. போன காரியம், அவனுக்கு ஒரு மவுஸ் வாங்குவது.

வீட்டில் மவுஸ் இல்லாமல் இல்லை. என்னுடைய பழைய கேமிங் மவுஸைத்தான் கொடுத்திருந்தேன். நல்ல மவுஸ், ஆனால் வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது. கட்டைவிரல் வைக்க இடது பக்கம் ஒரு குழி, அதற்கு மேலே இரண்டு பொத்தான். அவன் அதை இடது கையில் பிடித்தால் சுண்டுவிரல் போய் அந்தப் பொத்தான்களின் மேல் உட்காரும். மைன்கிராஃப்ட்டில் அது பெரிய தொல்லை இல்லை. ஒருநாள் பள்ளிக்கூட வேலையை பிரவுசரில் எழுதிக்கொண்டிருந்தபோது சுண்டுவிரல் பட்டு, பக்கம் பின்னால் போய், எழுதியது அத்தனையும் போய்விட்டது. அழுதுகொண்டு வந்தான்.

"வலது கையில வெச்சுப் பழகிக்கோயேன்டா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது என் குரல் இல்லை, எங்கள் அப்பாயியின் குரல்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வெளிநாட்டிலேயே வளர்ந்தவர்களாக இருக்கலாம். ஆனாலும் 'பீச்சாங்கை' என்ற சொல்லை யாராவது ஒரு பாட்டி வாயால் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். நானும் பிறவியில் இடது கைக்காரன்தான். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டில், சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாயி என் இடது கை விரல்களில் வேப்பெண்ணெய் தடவிவிடுவார். வாய்க்குக் கொண்டுபோனால் கசக்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் நான் வலது கைக்காரனாக மாறிவிட்டேன். இன்றைக்கும் எழுதுவது வலது, சாப்பிடுவது வலது, பந்து எறிவது மட்டும் இடது. நாள் முழுக்க மவுஸ் பிடித்து இரண்டு வருஷமாக வலது மணிக்கட்டில் வலி வேறு. கைக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறார் மருத்துவர். மென்பொருள் வேலை பார்க்கிறவன் கைக்கு ஓய்வு கொடுப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

சரி, அகிஹபாராவுக்கு வருவோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது அனிமே பொம்மைகளின் ஊர். 1869-ல் இந்தப் பகுதியில் பெரிய தீ விபத்து. அதற்குப் பிறகு வெட்டவெளியாக விட்ட இடத்தில் தீயிலிருந்து காக்கும் கோயில் ஒன்றை வைத்தார்கள். அகிபா சாமியின் பெயரோடு சேர்ந்து வந்ததுதான் ஊர்ப் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வானொலி உதிரி பாகங்களைத் தெருவில் பரப்பி விற்கத் தொடங்கினார்கள். 1949-ல் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வரவே, அந்த வியாபாரிகள் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்தார்கள். அந்தச் சந்து இன்னும் இருக்கிறது. ஒரு ஆள் அகலம். இருபுறமும் பெட்டிக்கடை அளவுக்குக் கடைகள், தட்டுத் தட்டாக ரெசிஸ்டர், எல்இடி, வயர், சுவிட்ச். மேலே ரயில் போனால் தலைக்கு மேல் இடி உருளும்.

மவுஸ் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சந்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பேன். நாம் 'கிளிக்' என்று அமுக்குகிறோமே, அந்தச் சத்தம் விரல்நகம் அளவுள்ள ஒரு சுவிட்சிலிருந்து வருகிறது. பல மவுஸ்களில் அது கியோத்தோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஓம்ரான் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு அமுக்குக்கு இரண்டு கிளிக் விழ ஆரம்பித்தால், இங்கே புதிய சுவிட்ச் வாங்கிப் பற்றவைத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மகன் ஒரு சுவிட்சைக் கையில் வாங்கி, நகத்தால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். "அப்பா, மவுஸோட சத்தம் மட்டும் தனியா இருக்கு!"

அங்கிருந்து வெளியே வந்து, சுவோ-தோரி பெரிய சாலைக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஒரு கணினிக் கடை. ஞாயிறு மதியம் வந்தால் அந்தச் சாலையில் கார்களை நிறுத்திவிடுவார்கள், நடுரோட்டில் நடக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதுதான் வசதி.

இந்த ஊர்க் கடைகளில் எனக்குப் பிடித்த விஷயம், மவுஸைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில்லை. அலமாரி நீளத்துக்கு விரிப்பு போட்டு, நாற்பது ஐம்பது மவுஸ் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பிடித்து, உருட்டி, அமுக்கிப் பார்க்கலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். ஜப்பான்காரர்கள் மவுஸ் பிடிப்பதையே மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை முழுவதும் படிய மூடிப் பிடித்தால் கபுசே-மோச்சி. விரல்களை மடக்கிக் கவ்விப் பிடித்தால் சுகாமி-மோச்சி. உள்ளங்கை படாமல் விரல்நுனியால் மட்டும் பிடித்தால் சுமாமி-மோச்சி, நம்மூரில் கோலமாவை எடுப்போமே, கிட்டத்தட்ட அந்தப் பிடி. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைப் பார்க்காமல் பெரியவர்கள் மவுஸை வாங்கினால், பாவம், பூசணிக்காயைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும்.

மாற்றியமைக்கிற மவுஸ்களில் எத்தனை விதம்! ஒன்றின் வயிற்றைத் திறந்தால் உள்ளே ஐந்து குட்டி எடைக்கற்கள், ஒவ்வொன்றும் 3.6 கிராம், அரை சவரனுக்கும் குறைவு. வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். மகன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தள்ளினான், திரும்ப வைத்துத் தள்ளினான், நகைக்கடைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். இன்னொன்று ரேசர் நிறுவனத்தின் நாகா. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி 2, 7, 12 பொத்தான் என்று மாற்றிக்கொள்ளலாம். இந்த நிறுவனம் பெரும்பாலான மவுஸ்களுக்குப் பாம்புப் பெயராக வைக்கும். எலிக்குப் பாம்புப் பெயர் வைத்தவரின் குசும்பு எனக்குப் பிடிக்கும். 12 பொத்தான் தகடு எனக்குக் கால்குலேட்டரைக் கட்டைவிரலால் அமுக்குவது போல இருந்தது, வேண்டாம். விளக்குகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. 1 கோடியே 68 லட்சம் நிறமாம். அவன் பார்த்தது பச்சை மட்டும்.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை வலது கைக்கு வார்த்தவை. எடையை மாற்றலாம், தகட்டை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், கையை மாற்ற முடியாது. இதில் பழியை இன்றைய கம்பெனிகள் மேல் மட்டும் போட முடியாது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகத்துக்குக் காட்டியபோதே அது அவர் வலது கையில்தான் இருந்தது. இடது கைக்கு ஐந்து கட்டைகள் உள்ள ஒரு சின்ன விசைப்பலகை. இன்றைக்கு கேம் ஆடும் பிள்ளைகளும் இடது கையை விசைப்பலகையில் வைத்து நடக்கிறார்கள், வலது கையால் குறிபார்க்கிறார்கள். இடது கைக்காரர்களில் பலர் பேசாமல் வலது கைக்கே பழகிக்கொள்கிறார்கள். நான் பழகியது போல.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மகன் எல்லாவற்றையும் இடது கையால் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஹிதாரிகிகி தெசுகா?" என்றார். இடது கைப் பழக்கமா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய மாடலை எடுத்து வைத்தார். லாஜிடெக் 2018-ல் கொண்டுவந்த ஜி ப்ரோ வயர்லெஸ். இந்த நாட்டில் அந்த நிறுவனத்துக்கு லாஜிகூல் என்று பெயர். 80 கிராம். எந்தப் பக்கமும் சாயாத, இரண்டு கைக்கும் பொதுவான உடம்பு. விஷயம் பக்கவாட்டில் இருக்கிறது. அங்குள்ள பொத்தான்கள் காந்தத்தில் ஒட்டியவை. நகத்தால் நெம்பினால் கழன்று வரும். இடது பக்கத்துப் பொத்தான்களை எடுத்துவிட்டு மூடித் தகட்டை வைத்தார், வலது பக்கம் பொத்தான்களைப் பொருத்தினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சுண்டுவிரல் இனி எதையும் அமுக்காது, கட்டைவிரலுக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது.

மகன் கையை வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. எதையும் எடுத்த எடுப்பில் விமர்சிக்கிற பிள்ளை பேசாமல் இருந்தால் எனக்குப் புரியும்.

"நானும் இடதுதான்," என்றார் கடைக்காரர். "சின்ன வயதில் சரிசெய்துவிட்டார்கள். சாப்ஸ்டிக்கும் பேனாவும் வலது. பந்து மட்டும் இடது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேப்பெண்ணெய் நம்மூர் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். அவர் சொன்ன சொல் 'நாவோசு'. பழுதான மவுஸைச் சரிசெய்வதற்கும் இங்கே அதே சொல்தான். அவர் அந்த மவுஸை என் பக்கம் தள்ளி, நீங்களும் பிடித்துப் பாருங்கள் என்றார். இடது கையை வைத்தேன். ஒரு பழைய நினைவு வரும், கை தானாக ஓடும் என்றெல்லாம் எதிர்பார்த்தீர்களானால், இல்லை. அம்புக்குறி திரையின் மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மகன் சிரித்தான். "மெதுவாப்பா, பழகிடும்."

பத்தாயிரம் யென்னுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கி வந்தோம். வீட்டில் விண்டோஸில் முதன்மைப் பொத்தானை மாற்றிவைக்க ஒரு நிமிஷம். மைன்கிராஃப்ட்டில் ஆள் எந்தக் கையால் வாளைப் பிடிக்க வேண்டும் என்று கேட்கும், அதை அவன் எப்போதோ இடதாக்கி வைத்திருந்தான்.

மவுஸ் விஷயத்தில் பெருந்தன்மையாக இருப்பது சுலபம். அன்று ராத்திரி சாம்பார் சாதத்தை அவன் இடது கையால் பிசைந்து சாப்பிட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. ஸ்பூனை எடுத்து அவன் தட்டில் வைக்கப்போனேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டேன். ஏப்ரலில் அம்மா வருகிறார், மூன்று மாதம் இருப்பார். தினமும் ஒரே மேசையில் சாப்பாடு. வந்த பிறகு சண்டை போடுவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று மறுநாள் வீடியோவில் கூப்பிட்டேன்.

மவுஸைக் காட்டி, கதையைச் சொல்லி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். "அவன் சாப்பிடுறதும் இடது கைதான்மா. நீங்க வரும்போது ஒண்ணும் சொல்லாதீங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. இணைப்புதான் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கோயில்ல பிரசாதம் மட்டும் வலது கையால வாங்கச் சொல்லு. மத்தபடி அவன் இஷ்டம்" என்றார். பிறகு, "நீயும் அப்படித்தானே இருந்தே. உங்க அப்பாயிகிட்ட எதிர்த்துப் பேச அப்ப எனக்கு ஏது தைரியம்? ராத்திரி நீ தூங்கினதும் சீயக்காய் போட்டு அந்தக் கையைக் கழுவி விடுவேன். தூக்கத்துல விரலை வாயில வெச்சுக்குவே, கசக்குமேன்னு."

முப்பது வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கையில் இருந்த பொத்தானைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அது கிடக்கட்டும்," என்றார் அம்மா. "அந்தச் சுட்டி என்ன விலை?"

பாதி விலையைச் சொன்னேன். அதற்கே, "ஆத்தாடி!" என்றார்.