கன்சாய்ப் பயணம் – 7: ஊஜி ஆற்றங்கரையில் ஓர் இசைக்குழு

கியோட்டோவிலிருந்து ஊஜிக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜேஆர் ரயிலில் ஏற வேண்டும். நான் வேண்டுமென்றே கெய்ஹான் ரயிலைப் பிடித்தேன். சூஷோஜிமாவில் இறங்கி ஊஜி கிளைப்பாதைக்கு மாறினால், எட்டு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தடத்தில் வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டே வண்டி போகிறது. ‘ஹிபிகே! யூஃபோனியம்’ அனிமே தொடரைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வண்டி. பள்ளி இசைக்குழுவில் யூஃபோனியம் வாசிக்கும் நாயகி குமிகோ தினமும் இதில்தான் போய்வருகிறாள். அவள் இறங்குவது ரொக்குஜிஸோவில். அவளை வரைந்த கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் முதலாம் ஸ்டூடியோவும் அந்த நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது.

2019 ஜூலை 18 காலை ஒருவன் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். 36 பேர் இறந்துபோனார்கள். இந்தத் தொடரின் பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்த இகெதா ஷோகோ அவர்களில் ஒருவர். எரிந்த கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். வெளியூர்க் கூட்டம் வந்து நிற்பதை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் விரும்பவில்லை. அதனால் ரொக்குஜிஸோவில் நான் இறங்கவில்லை. தோளில் கறுப்பு வாத்தியப் பெட்டியுடன் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஏறினார்கள், கதவு மூடிக்கொண்டது.

ஜப்பானில் ஓர் அனிமே தொடர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் இந்த நிறுவனத்தின் அருமை புரியும். தொழில் பெரும்பாலும் தோக்கியோவில் குவிந்து கிடக்கிறது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைத்தாலும் நொடிக்கு எட்டுப் படம் வேண்டும். ஓர் அத்தியாயத்துக்குச் சில ஆயிரம் படங்கள் ஆகிவிடும். அவற்றில் பெரும்பங்கைப் பல ஸ்டூடியோக்களுக்கும் வெளியாட்களுக்கும் பிரித்துக் கொடுத்து, தாளுக்கு இவ்வளவு என்று கூலி தருவதுதான் நடைமுறை. இளம் ஓவியர்களை இந்த முறை சக்கையாகப் பிழிகிறது. கியோட்டோ அனிமேஷன் வேறு வழியில் போனது. 1981இல் ஹத்தா யோகோ அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு வண்ணம் தீட்டும் வேலையில் தொடங்கியது இது. ஓவியர்களுக்கு மாதச் சம்பளம், சொந்தப் பயிற்சிப் பள்ளி, முடிந்தவரை எல்லா வேலையும் தங்கள் கூரைக்குள்ளேயே என்று வளர்ந்தது. யூஃபோனியத்தின் வால்வுகளை அழுத்தும் விரல்கள் வாசிக்கப்படும் சுரத்தோடு பொருந்துவது இப்படிப்பட்ட இடத்தில்தான் சாத்தியம் என்பது என் எண்ணம்.

கதையும் இந்த மண்ணில் விளைந்ததுதான். நாவலை எழுதிய தகெதா அயானோ ஊஜியில் வளர்ந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே எழுதினார். 2013இல் புத்தகம் வந்தது. இஷிஹாரா தட்சுயா இயக்கத்தில் 2015 ஏப்ரலில் முதல் பருவமும், 2016 அக்டோபரில் இரண்டாவதும் ஒளிபரப்பாயின.

ஊஜி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பாலம். கிழக்குமுனையில் 1160 முதல் நடந்துவரும் சூஎன் தேநீர்க் கடை. மேற்கே கெஞ்சிக் கதையை எழுதிய முரசாகி ஷிகிபுவின் சிலை. ஆற்றோரமாகவே நடந்தேன். குமிகோ வழக்கமாக உட்காரும் பெஞ்சில் நடுவயதுத் தம்பதி ஒன்று இருந்தது. மனைவி உட்கார்ந்திருக்க, கணவர் ஒரு கைபேசியில் தொடரின் காட்சியை வைத்துக்கொண்டு, இன்னொன்றில் அதே கோணத்தைத் தேடி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பெஞ்சின் மரச்சட்டங்கள், பின்னால் தண்ணீர் ஓடும் திசை, அக்கரை மேட்டின் வளைவு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. படத்தில் மாலை வெயில், எங்களுக்கு மேல் மேகமூட்டம், வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு தைக்கிச்சி மலை. ஊஜிகாமி கோயிலுக்குப் பக்கத்திலிருந்து பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே மரக்கூரை போட்ட காட்சி மேடை. ஜூன் 5 இரவு ஊரே அகத்தா திருவிழாவில் திரண்டிருக்கும்போது, குமிகோவும் டிரம்பெட் வாசிக்கும் ரெய்னாவும் கூட்டத்தை விட்டு விலகி இங்கே வருவார்கள். ஊர் விளக்குகளைக் கீழே வைத்துக்கொண்டு இருவரும் வாசிப்பார்கள். முதல் பருவத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு நல்ல முடிவு இருக்கிறது. வாசிப்பைத் தேர்ந்த தொழில்முறைக் கலைஞர்களிடம் கொடுக்காமல், செஞ்ஸோகு இசைக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் குழுவிடம் கொடுத்தார்கள். பள்ளி இசைக்குழு பள்ளி இசைக்குழுவாகவே ஒலிக்க வேண்டும். தொடக்க அத்தியாயங்களில் குழு மகா மட்டமாக வாசிக்க வேண்டும். போகப் போகத் தேற வேண்டும். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்பும்படியாகப் பிசகுவது லேசுப்பட்ட வேலையில்லை.

மூன்றாம் பருவம் வரும் என்ற அறிவிப்பு 2019 ஜூனில், தீ வைப்புக்குச் சில வாரங்கள் முன்பு வெளியாகியிருந்தது. அது திரைக்கு வர 2024 ஏப்ரல் 7 ஆயிற்று. முன்பு நள்ளிரவில் ஒளிபரப்பான தொடர், இம்முறை என்ஹெச்கேயின் கல்வி அலைவரிசையில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம். பாத்திர வடிவமைப்பு என்ற வரியில் இகெதா ஷோகோவின் பெயரும், கூடவே இகெதா கசுமியின் பெயரும் இருந்தன.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தொடரை எடுத்தவர்கள் காட்டிய துணிச்சலை இன்னும் மெச்சுகிறேன். தனி வாசிப்புக்கு யார் என்று முடிவு செய்ய, குமிகோவும் புதிதாக வந்த மயுவும் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார்கள். யார் யாரென்று தெரியாமல் குழு வாக்களிக்கிறது, சரிசமமாகி விடுகிறது. கடைசி வாக்கு ரெய்னாவுடையது. காதால் கேட்டே தோழியை அடையாளம் கண்டுகொண்ட அவள், மற்றவளைத் தேர்ந்தெடுக்கிறாள். நாவலில் குமிகோவுக்குத்தான் வாய்ப்பு கிடைக்கும். மூலத்தை மாற்றினால் வாசகர்கள் கொதிப்பார்கள் என்பது தெரிந்தேதான் மாற்றினார்கள். நன்றாக வாசிப்பவருக்கே இடம் என்று முதல் பருவத்திலிருந்து சொல்லிவந்த கதை, நாயகிக்காக அந்த விதியைத் தளர்த்தவில்லை. எனக்கு இந்த முடிவே சரி.

ஜூன் 30 அன்று தொடர் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14இல், நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தேயிலை வரலாற்றுப் பூங்காவில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பறவைகள் மேலெழும் வடிவம். மலையிலிருந்து இறங்கி அங்கே போனபோது யாரோ அப்போதுதான் வைத்துவிட்டுப் போன மலர்க்கொத்து இருந்தது. நானும் வணங்கிவிட்டு ரயிலேறினேன்.

அடுத்த வாரம் வடக்கே, தொயாமா மாநிலத்தின் நான்தோவுக்கு. வயல்களுக்கு நடுவே இயங்கும் பி.ஏ.வொர்க்ஸ் ஸ்டூடியோ, அனிமே எடுப்பவர்களின் அல்லாட்டத்தையே ‘ஷிரோபாகோ’ என்று 2014இல் தொடராக்கியது. அந்த ஊரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.