வானம் பார்க்காத இடம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – இயற்பியல்)

உதகை என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்கு மலர்க் கண்காட்சியும் படகு இல்லமும் நினைவுக்கு வரும். எனக்கோ மார்கழி, தை மாதத்து உறைபனியும், எங்கள் ஜீப்பின் கித்தான் கூரையும்தான் நினைவுக்கு வரும். என் தந்தை தலைகுந்தாவில் வாடகை ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் கேரட் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதே அவர் பிழைப்பு.

இரும்புக் கூரைக்கு இல்லாத நோய்கள் துணிக் கூரைக்கு உண்டு. ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். சலவைத்தூள் போட்டுத் தேய்த்தால் நீர் புகாமல் காக்கும் பூச்சு போய்விடும். ஆகவே அப்பா மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, வெறும் தண்ணீரால் துடைத்து, வெயிலில் நன்றாக உலர்ந்த பின்பே மடிப்பார். பனி படிந்தால் சுரண்டவே மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, "வண்டிய வானம் பார்க்காத இடத்துல நிறுத்து, தம்பி" என்பார். கண்ணேறு போல இதுவும் ஒரு நம்பிக்கை என்று நான் சிரித்ததுண்டு.

சென்ற ஆண்டு தை மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். வண்டியை நிறுத்தும் வேலை எனக்கு வந்தது. மரத்தடியில் விட்டால் இலை கொட்டுமே என்று எண்ணி, வெட்டவெளியில் நிறுத்தினேன். அன்றிரவு வானத்தில் ஒரு மேகம் இல்லை. விடியற்காலையில் கூரை முழுவதும் உப்புக் கொட்டியதுபோல் பனி!

ஆறு பெண்கள் வேலைக்குக் காத்து நின்றார்கள். அவசரத்தில் கூரைமேல் வெந்நீரை ஊற்றினேன். துணி நீரைக் குடித்து, சற்று நேரத்தில் மீண்டும் உறைந்து பலகையாயிற்று. அவர்கள் ஏறுவதற்காகப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னலைச் சுருட்டினேன். குளிரில் நெகிழ்வை இழந்திருந்த அது, கண்ணாடிபோல் மூலைக்கு மூலை வெடித்தது.

அப்பா எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலோடு அவரே ஓட்டினார். பின்னால் அந்தப் பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி பனிக்காற்றில் சென்றார்கள். புதிய சன்னலுக்கு என் தேர்வுக் கட்டணப் பணம் போயிற்று. கட்டணத்துக்கு அம்மா தோட்டக் கூலியில் முன்பணம் வாங்கினார்.

இவ்வாண்டு வகுப்பில் வெப்பக் கதிர்வீச்சுப் பாடம் நடந்தது. தெளிந்த இரவில் பொருள்கள் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழக்கின்றன. மெல்லிய துணி விரைவில் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேலே மரக்கிளை இருந்தால், அது தன் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கீழே அனுப்பி இழப்பை ஈடுசெய்யும். ஆசிரியர் உதாரணம் கேட்டபோது எழுந்து, வானம் பார்க்காத இடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"என் அப்பா, ஐயா. ஜீப் ஓட்டுகிறார்."

கல்லூரியில் அப்பாவின் தொழிலை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று இரண்டு ஆண்டுகளாக நான்தான் பயந்திருந்தேன்.

அன்று மாலை மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, படித்ததை அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்போ மேகம் இருக்கிற ராத்திரி பனி விழாததும் இதனாலதானா?" என்றார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவன் நான். ஆனால் அடுத்த பாடத்தை அவரே தொடங்கிவிட்டார்!