செவிக்கு உரியது எது?

நுழையும்முன்

ஒரு கடையில் எந்தப் பொருளை வாங்கி வைப்பது என்பது வணிகருக்கு மட்டுமே உரிய முடிவாகத் தோன்றும். ஆனால், அம்முடிவு வாங்குவோரின் பணத்தை மட்டுமன்றி, அவர்தம் உடல்நலத்தையும் தொடுகிறது. வடசென்னையின் தொழிற்பகுதியில் உள்ள ஒரு சிறுகடைக்கு ஹெட்போன்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரின் சிந்தனையைப் பின்தொடர்கிறது இக்கட்டுரை.

மாத்தூரில் ஒரு கடை

சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் அமைந்துள்ளது மாத்தூர். ஒருபுறம் மாதவரம்; மறுபுறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நிற்கும் மணலி. 2011ஆம் ஆண்டு மாநகர எல்லை விரிந்தபோது மாத்தூரும் நகரோடு இணைந்தது. இங்குள்ள குடியிருப்பை, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய பெயரால் 'எம்.எம்.டி.ஏ.' என்றே மக்கள் இன்றும் அழைக்கின்றனர். விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குச் செல்வோரின் இருசக்கர வண்டிகளும், துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும் இப்பகுதியின் சாலைகளை எழுப்பிவிடுகின்றன. அதன்பின் ஓசைக்கு ஓய்வே இல்லை.

அக்குடியிருப்பின் கடைத்தெருவில் சிறியதொரு கைப்பேசிக் கடை இருக்கிறது. உரிமையாளர் நாற்பது வயதைக் கடந்தவர். ரீசார்ஜ், உடைந்த திரையை மாற்றுதல், சார்ஜர் விற்பனை ஆகியவற்றால் நடந்துவந்த கடையில் ஹெட்போன்களுக்கெனத் தனியே ஒரு கண்ணாடி அலமாரி வைக்க அவர் முடிவு செய்தார். அதற்கு ஒதுக்கிய தொகை நாற்பதாயிரம் ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்த பணம் அது. ஆறு மாதத்திற்குள் கைக்குத் திரும்பியாக வேண்டும்.

அவருக்கு ஒரு பழைய காயமும் உண்டு. ஓராண்டுக்கு முன் ஒரு மொத்த வணிகர் பேச்சை நம்பி, புகழ்பெற்ற நிறுவனப் பெயரை ஓரெழுத்து மட்டும் மாற்றி அச்சிட்ட இயர்போன்களைக் குறைந்த விலைக்கு வாங்கினார். வேகமாக விற்றன, அதே வேகத்தில் திரும்பியும் வந்தன. ஒரு பக்கம் மட்டும் கேட்டது; சிலவற்றில் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் வந்த இழப்பைவிட, தெருவில் எதிர்ப்பட்டவர்களின் பார்வை அவரை அதிகம் வருத்தியது. குடியிருப்புக் கடைக்கு வாடிக்கையாளர் என்பவர் அயலவர் அல்லர். நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவர்.

குறிப்பேடு சொன்னது

இம்முறை அவர் விளம்பரங்களைப் பார்க்கவில்லை. ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, ஒரு மாத காலம் கடைக்கு வந்தோர் கேட்டவற்றை எழுதிவைத்தார். பொருளின் பெயரை மட்டும் எழுதவில்லை. எதற்காக, எங்கே, எவ்வளவு நேரம் என்பதையும் கேட்டு எழுதினார். மாத இறுதியில் அக்குறிப்பேடு மாத்தூரையே வரைந்து காட்டியது.

லாரி ஓட்டுநர்கள் பாட்டுக்காக வரவில்லை. துறைமுக வாயிலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது வீட்டாரோடு பேச அவர்களுக்கு ஒரு கருவி வேண்டும். பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும். மின்கலம் நீடிக்க வேண்டும். பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பானும் காதில் விழ வேண்டும். அவர்களுக்கு ஏற்றது ஒற்றைக் காதில் மாட்டும் புளூடூத் கருவி. வண்டி ஓடும்போது அதுவும் ஆகாது என்பதைச் சொல்லியே விற்க வேண்டும்.

தொழிற்சாலைப் பணியாளர்கள் கழுத்தில் தொங்கும் நெக்பேண்டைக் கேட்டனர். வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் மலிவான கருவிகளை விரைவில் கெடுத்துவிடுகின்றன. பெட்டியின் மேல் 'ஐ.பி.எக்ஸ்.4' என்ற குறியீடு இருந்தால், எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் அக்கருவி தாங்கும் என்பது பொருள். அக்குறியீடு இல்லாத நெக்பேண்டை வாங்குவதில்லை என அவர் குறித்துக்கொண்டார்.

மாணவர்களின் தேவை வேறு. இணையவழிப் பாடங்களையும் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக் காணொலிகளையும் அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் கேட்கின்றனர். இரண்டு அறை வீட்டில் தொலைக்காட்சியும் ஓடும். தம்பி தங்கையரும் விளையாடுவர். காதை அழுத்தாத, கம்பியுடன் கூடிய எளிய கருவியே அவர்களுக்குப் போதுமானது. அதற்கு மின்னேற்றம் வேண்டா, விலையும் குறைவு.

முதியோர் சிலரும் வந்தனர். இரவில் பிறர் தூக்கம் கெடாமல் பழைய பாடல் கேட்க வேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். பெரிய பொத்தான்கள் உள்ளதையே அவர்கள் தேடினர்.

காதோடு பேசிய காலம்

தலையில் மாட்டிக் கேட்கும் கருவி சென்னைக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலி மன்றம் தொடங்கப்பெற்று, அவ்வாண்டே ஒலிபரப்பையும் தொடங்கியது. அக்காலத்தின் எளிய படிக வானொலிகளுக்கு மின்கலமும் இல்லை. ஒலிபெருக்கும் ஆற்றலும் இல்லை. ஹெட்போனைக் காதில் பொருத்தினால்தான் ஒலி கேட்கும். பொருள் நெருக்கடியால் மன்றம் 1927இல் ஓய்ந்தது. அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை நடத்தத் தொடங்கியது. தனியொருவர் காதில் ஒலித்த வானொலி, பின்னர்ப் பொது இடங்களில் ஒலிபெருக்கி வழியே ஊருக்கே ஒலித்தது.

1979இல் வெளிவந்த வாக்மேன் அவ்வோட்டத்தைத் திருப்பியது. ஊருக்குக் கேட்ட பாட்டு மீண்டும் ஒருவர் காதுக்குள் நுழைந்தது. அன்று ஆசைப்பொருளாக இருந்த அக்கருவியின் வழித்தோன்றல், இன்று மாத்தூர்க் கடையில் பேனாவைப் போல விற்கும் பொருளாகிவிட்டது.

தெரியுமா?
1882ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அக்காலத் தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றப் பயன்பட்ட 6.35 மி.மீ. செருகியின் சிறு வடிவமே இன்றைய ஹெட்போன்களின் 3.5 மி.மீ. செருகி.

எண்களின் பின்னே

குறிப்பேட்டோடு அவர் ரிச்சி தெருவுக்குச் சென்றார். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அத்தெருவில், ஒவ்வொரு பெட்டியும் எண்களால் பேசியது. '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் அச்சிடப்பட்டிருந்தது. அது மனிதச் செவி கேட்கும் எல்லை. அவ்வெல்லைக்குள் ஒலி எவ்வளவு சீராக இருக்கும் என்பதை அவ்வெண் சொல்வதில்லை. ஆகவே, அவர் வேறு சிலவற்றைத் தேடினார். கம்பியில்லாக் கருவிகளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் உண்டா? உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தயாரிப்பு மாதம், அதிகபட்சச் சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு ஆகியன உள்ளனவா? பழுதானால் மாற்றித்தரும் பணிமையம் சென்னையில் இருக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத பெட்டிகள், விலை எவ்வளவு குறைவாயினும், ஒதுக்கப்பட்டன.

எஞ்சியவற்றுள் ஒன்று அவரைத் தடுமாறச் செய்தது. பறையறைவது போன்ற அதிர்வும் காதைத் துளைக்கும் உரப்பும் கொண்ட ஒரு நெக்பேண்ட். பதிவெண் இருந்தது; முகவரி இருந்தது. விலையும் குறைவு, இலாபமும் மிகுதி. "இதுதாங்க இப்போ பசங்க கேக்குறது. ஐம்பது எடுத்தா பத்து நாள்ல காலி" என்றார் மொத்த வணிகர். அவர் பொய் சொல்லவில்லை. முடிவெடுக்க முடியாமல் மாதிரிக்கு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கடைக்காரர் வீடு திரும்பினார்.

தந்தையின் செவி

அவருடைய தந்தை திருவொற்றியூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில், தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவில் முப்பதாண்டுகள் வேலை பார்த்தவர். எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது தொழிற்கூட இரைச்சலுக்கு இந்தியாவில் உள்ள வரம்பு. அந்நாளில் அதை அளந்தவரும் இல்லை. காதுக்காப்பை அணிந்தவரும் அரிது. மகன் கொண்டுவந்த புதிய கருவியைத் தந்தை ஆவலோடு மாட்டிக்கொண்டார். ஒலி முழு அளவில் வைக்கப்பட்டது. சற்றுநேரம் தலையசைத்துக் கேட்டவர், "தாளம் கேக்குதுப்பா. வார்த்தைதான் ஒண்ணும் புரியல" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்.

இரைச்சல் செவியைத் தாக்கும் முறை அது. உட்செவியில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். சொற்களை வேறுபடுத்தும் மெய்யொலிகள் பலவும் அவ்வெல்லையில் இருப்பதால், பேசுவது கேட்கும், பொருள் விளங்காது. வலி இல்லை, காயம் இல்லை. ஆகவே, இழப்பு நேர்வது இழப்பவருக்கே தெரிவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் தரும் கணக்கு எளியது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே. டெசிபல் மூன்று கூடும்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என அந்நிறுவனம் எச்சரிக்கிறது. தந்தைக்கு எந்திரம் முப்பது ஆண்டுகளில் செய்ததை, மகன் கடையில் விற்கும் பொருள் பிறர் பிள்ளைகளுக்குச் செய்துவிடக்கூடும்.

ஐம்பது நெக்பேண்டுகளை அவர் வாங்கவில்லை.

அலமாரி நிறைந்தது

அலமாரியின் மேல்தட்டில் கம்பியுடன் கூடிய எளிய ஹெட்போன்கள் இடம்பெற்றன. நடுத்தட்டில் நீர்த்தெறிப்பைத் தாங்கும் நெக்பேண்டுகள்; அவற்றோடு சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகைச் சிலிக்கான் முனைகள். முனை காதுக்குச் சரியாகப் பொருந்தினால் வெளியிரைச்சல் குறையும். ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். கீழ்த்தட்டில் ஒற்றைக் காதுக் கருவிகள். வெளியோசையை மின்னணு முறையில் தணிக்கும் விலையுயர்ந்த கருவிகள் இரண்டு மட்டுமே. அவை எந்திரத்தின் தொடர்ந்த முழக்கத்தை நன்கு அடக்குகின்றன. பேருந்திலும் வீட்டிலும் பயன்படும். ஆனால், கண்டெய்னர் லாரிகள் விரையும் சாலையில் நடப்பவருக்கு ஆகா. கடை மேசையில், ஐம்பது ரூபாய்க்கும் குறைவான விலையில், தொழிற்சாலைப் பணியாளருக்கான நுரைக் காதடைப்பான்களும் இருந்தன. அதை வாங்கிவைக்குமாறு எவரும் கேட்கவில்லை.

விற்பனை மெதுவாகவே தொடங்கியது. எதிர்க்கடையில் அந்த உரத்த நெக்பேண்ட் விற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். "அண்ணா, செம சவுண்டா ஒண்ணு குடுங்க" என்றான். அவர் மறுக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. பொருத்தமான முனையை மாட்டிக் கொடுத்து, பாதிக்குச் சற்றே மேலான ஒலியளவில் பாட்டை ஓடவிட்டார். வெளியே ஒரு லாரி கடந்து சென்றது. மாணவன் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கூட்டணுமா தம்பி?" என்று கையால் சைகை செய்து கேட்டார். அவன் சற்று யோசித்து, வேண்டா எனத் தலையசைத்தான்.

ஆறு மாதத்தில் முதல் திரும்பியது. எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. ஆனால், பழுதென்று திரும்பி வந்த பெட்டிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. மகளின் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் வினாவையும் குறிக்கும். செவியால் கேட்டறிதலையும் குறிக்கும். வள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மாத்தூர்க் கடைக்காரர் வாங்க வருவோரிடம் முதலில் கேட்பது விலைவரம்பை அன்று. "எங்க போட்டுக் கேப்பீங்க? எவ்வளவு நேரம்?" என்பதே அவருடைய முதற்கேள்வி. விடையைப் பொறுமையாகக் கேட்ட பிறகே அவர் கை அலமாரியை நோக்கி நீள்கிறது.