வெண்பனியில் தெரிந்த பாத்திகள்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழ் மரபு, அவற்றுள் இரண்டினைப் பனிக்கு ஒதுக்கியது. எனினும் முன்பனி, பின்பனி என்ற பெயர்கள் குறிக்கும் பனி, வைகறையிற் புல்நுனியில் திரண்டு ஞாயிறு ஏறக் கரைந்தொழியும் ஈரமேயாம். வடவிமயத்தின் உறைபனியைப் புலவர் அறிந்திருந்தனராயினும், அதனோடு கூடி வாழும் நிலை தமிழர்க்குப் பெரும்பாலும் நேர்ந்ததில்லை. 1983 இன் பின்னர் பெருந்தொகையினராய்ப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்க்கே அந்நிலை வாய்த்தது. அவர்தம் சிறுகதைத் தொகுதியொன்று 1994 இல் ‘பனியும் பனையும்’ என்னும் பெயருடன் வெளிவந்தது. கடல்கள் பல கடந்த தொலைவினை ஈற்றொலியொன்றின் வேற்றுமையாகச் சுருக்கிக் காட்டும் பெயர் அது.

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, ஸ்காபரோவில், முதியவர் ஒருவரின் வீட்டுத்தோட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் கமஞ்செய்த குடும்பத்திற் பிறந்தவர் அவர். ஊரை நீங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கோடையிற் கத்தரியும் மிளகாயும் பாகலும் அவர் கைபட்டுச் செழிக்கும். குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பின்கதவைச் சாத்திவிடுவார். வெண்பனி அவருக்கு வழித்தெறிய வேண்டியதொரு சுமை, அவ்வளவே. அதனை அழகென்று பிறர் புகழுங்கால் அவர் வாய் திறப்பதில்லை. இந்நிலத்தை அழகென ஒப்புக்கொள்வது, விட்டுவந்த நிலத்துக்குச் செய்யும் இரண்டகம் என்றோர் எண்ணம் அவர் நெஞ்சின் அடியிற் கிடந்தது.

ஒரு தை மாதக் காலை. இரவெல்லாம் பொழிந்த பனி ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது. புதுப்பனியின் நுண்துளைகள் ஓசையை உறிஞ்சுவதனால் தெருவின் இரைச்சலும் அடங்கியிருந்தது. சீடர் மரவேலி பாரத்தினால் தலை தாழ்ந்து நின்றது. பாகற்பந்தலின் ஒவ்வொரு கயிற்றின் மேலும் ஒரு வெண்கோடு படிந்திருந்தது. வெட்டாது விடப்பட்ட எக்கினேசியாச் செடிகளின் கருத்த விதைத்தலைகள் சிறு குல்லாய்கள் அணிந்திருந்தன. செந்நிறக் கார்டினல் பறவையொன்று வேலியில் வந்தமர்ந்தது. பூக்களற்ற தோட்டத்தில் அப்பொழுது அதுவே பூவாயிற்று.

யன்னலருகே நின்ற பேர்த்திதான் முதலிற் கண்டாள்.

“அப்பப்பா, தோட்டத்திலை ஏன் கோடு கோடாய்க் கிடக்குது?”

அவர் வந்து பார்த்தார். மாரிக்காலத்துத் தாழ்ந்த ஞாயிற்றின் கதிர்கள் சாய்வாக விழுந்தன. மேடான இடங்கள் ஒளிர, அவற்றிடையே பள்ளங்கள் நீலநிழலாய் ஓடின. நடுவே ஒரு நெடுங்கோடு. அதனின்று இருபுறமும் பிரியும் சிறுகோடுகள்.

“அது வாய்க்கால், பிள்ளை. தண்ணி ஓடுறதுக்கு.”

“எங்கையிருந்து ஓடும்?”

“கிணத்திலையிருந்து...” என்றவர் நிறுத்திக்கொண்டார். அங்கே கிணறு இல்லை. இத்தனை கோடைகளிலும் இறப்பர்க் குழாயினாலேயே அவர் நீர் விட்டு வந்தார். வாய்க்காலுக்கு அத்தோட்டத்தில் வேலையே இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் மண் இளகியதும், துலாக்கிணற்றடியில் தம் தந்தையார் வகுத்த அதே பாத்திகளையும் வாய்க்கால்களையும் அவர் கைகள் தாமே வகுத்திருந்தன. கோடையில் இலைகள் அதனை மறைத்தன. மண்ணும் சருகும் ஒருநிறமாய்க் கிடந்த இலையுதிர் காலத்திலும் அது கண்ணிற் படவில்லை. நிறங்களையெல்லாம் நீக்கி வடிவை மாத்திரம் விட்டுவைத்த வெண்பனியே அதனை அவருக்குக் காட்டிற்று.

அப்பாத்திகளுள் ஒன்றில், ஒக்டோபரில் ஊன்றிய உள்ளி உறங்கிக்கொண்டிருந்தது. பனிப்படையினுள் அடைபட்ட காற்று கடுங்குளிரைத் தடுக்கும். வெளியே சுழியத்துக்குக் கீழ் 20 பாகையாயினும், தடித்த பனிப்போர்வையின் கீழுள்ள மண் சுழியத்தை அண்மியே இருக்கும். அதேவேளை, போதிய குளிர் கிட்டாவிடின் உள்ளி நன்கு பல்லுப்பல்லாகப் பிரிவதுமில்லை. இவற்றை அவர் அனுபவத்தால் அறிந்தவர். அறிந்திருந்தும் பனியை ஒரு நாளேனும் நின்று பார்த்தவரல்லர்.

இரண்டகம் என அவர் அஞ்சியது நிகழவே இல்லை. விட்டுவந்த வளவின் வடிவமே இந்நிலத்தின் அழகாய் அவர் முன் விரிந்து கிடந்தது.

அன்று அவர் வாசற்படியை மட்டும் வழித்தார். தோட்டத்துப் பனியிற் கால் வைக்கவில்லை. மாலையில் மீண்டும் பொழிந்த பனி கோடுகளை மூடிற்று. மறுநாட் காலை யன்னலருகே முதலில் வந்து நின்றவர் அவரே.